இந்தக் கற்கள் ஏது?

(கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபை ஒன்றின் ஸ்தோத்திரப் பண்டிகையில் பேசியது)

கனம் சேகர ஆயர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிற ஓய்வுபெற்ற ஆயர் ஐயா அவர்களே, பந்தல் முதல் மைக்செட் வரை பார்த்துக்கொண்ட பொருளாளர் அண்ணன் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, நம் அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததற்காக அம்மாவுக்கு இந்தச் சபை என்றைக்கும் நன்றியுள்ளதாயிருக்கும்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள் நம் பெரியவர்கள். ஒருவேளைச் சோறு போட்டவரையே மறக்கக்கூடாது என்றால், உயிரைக் காத்தவரை எப்படி மறப்பது? ஆள் தனியாக நினைப்பது, குடும்பமாக நினைப்பது, சபையாக நினைப்பது என்று மூன்று காரியங்கள் சொல்ல வந்திருக்கிறேன்.

77ஆம் சங்கீதத்தில் ஆசாப் தூக்கம் வராமல் புலம்புகிறான். 'தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?' என்றே கேட்டுவிடுகிறான். அவன் நிலைமை மாறியதாக அந்தச் சங்கீதத்தில் ஒரு வரியும் இல்லை. 'உம்முடைய பூர்வகாலத்து அதிசயங்களையே நினைவுகூருவேன்' என்கிறான். தேவன் செங்கடலைப் பிளந்து தம் ஜனத்தை நடத்தியதை நினைக்கிறான், புலம்பல் துதியாகிவிடுகிறது. தாவீதும் அப்படித்தான். சிங்கத்துக்கும் கரடிக்கும் தப்புவித்தவர் இந்தப் பெலிஸ்தனுக்கும் தப்புவிப்பார் என்று கணக்குச் சொல்லித்தான் கோலியாத்துக்கு முன்னால் போனான்.

சரி, இரண்டாவது, குடும்பம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பாட்டி இருந்தார். அவர் வீட்டில் களி கிண்டி இறக்கியதும் யாரும் கை வைக்க முடியாது. உருண்டையில் குழி பண்ணி அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றியிருக்கும், ஆவி பறக்கும், பாட்டி கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிப்பார். 'கிணறு வத்தின வருஷம் கேழ்வரகு கொடுத்தீரே ஸ்தோத்திரம். பெரியவனுக்கு அம்மை போட்டப்போ பிழைக்க வச்சீரே ஸ்தோத்திரம். மாடு காணாமப் போய் மூணாம் நாள் தானா வீட்டுக்கு வந்துச்சே ஸ்தோத்திரம்.' பேரப்பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து குழம்பைப் பார்ப்பார்கள். 'ஆயா, மாடு வந்துடுச்சு, ஆமென் சொல்லு' என்று சின்னவன் கத்துவான். பாட்டி விடமாட்டார், அந்த மாடு போட்ட கன்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் முடிப்பார்!

பாட்டி போய்விட்டார். அந்தச் சின்னவன் விவசாயி ஆனான். ஒரு வருஷம் போர் போட்டதில் புகைதான் வந்தது. தக்காளி விலை, பறிக்கிற கூலிக்கும் தேறவில்லை. கடன்காரர் வந்து போன அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தான், ஜெபிக்க வாய் வரவில்லை. அப்புறம் அவனையறியாமல் 'கிணறு வத்தின வருஷம்' என்று ஆரம்பித்திருக்கிறான். பட்டியல் முழுக்க ஞாபகம் இருந்தது, மாடும் கன்றும்கூட. மறுநாள் காலையில் ஏரைப் பூட்டினேன் என்று அவனே என்னிடம் சொன்னான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை!

மூன்றாவதுக்குத்தான் முக்கியமாக வந்தேன். தேவன் தண்ணீரை நிறுத்த, இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்ததும், அதிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை அவர்கள் தலைவன் யோசுவா கில்காலில் நாட்டினான். 'இந்தக் கற்கள் ஏது?' என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள் என்றான். கல் நட்டு நினைப்பது நம் மண்ணுக்குப் புதிதா? தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். மாடுகளை மீட்கப் போராடிச் செத்த வீரனை ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல் நினைவில் வைத்திருக்கிறது.

நம் கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கிறது? சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. போன மாதம் முள்ளை விலக்கி ஒரு கல்லைத் துடைத்தேன். 'சேலம் ஜில்லா' என்று பொறித்திருந்தது. 1965க்கு முன்னால் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதானே! இந்த ஊரில் முதலில் சுவிசேஷத்தைக் கேட்டு நின்றவர்கள் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தேவன் நடத்திய விதம் தெரியாத பிள்ளைக்கு, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? அங்கே வண்டி நிறுத்த இடம் பண்ணலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் ஐயா, கைகூப்பிக் கேட்கிறேன்.

மாற்கு எட்டாம் அதிகாரத்தில், அப்பம் பங்கிட்டபோது மீதியை எத்தனை கூடை எடுத்தீர்கள், நினைவில்லையா என்று இயேசு சீஷரைக் கேட்டதையும் சொல்ல நினைத்தேன். ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாலிபர்கள் அரிவாளும் கடப்பாரையுமாக வரவேண்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நோட்டோடு வந்து ஒவ்வொரு கல்லிலும் உள்ள பெயரை எழுதட்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று அந்தந்தப் பெயருக்கு உரியவர் கதையைச் சொல்லுங்கள். சுற்றுச்சுவருக்கான மனுவை ஊராட்சித் தலைவர் அம்மா கையில் இப்போதே, இந்த மேடையிலேயே கொடுக்கிறோம். செயலாளர் தம்பி, அந்தக் கவரை எடுத்து வா.