வேதாளத்தை வரைந்தவர் நம்ம காரத்தொழுவுக்காரர்

வணக்கமுங்க. இந்தப் படத்தைக் கொஞ்சம் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஒரு கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் உடல், சுற்றிலும் இருட்டு. யாருடைய கதை என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். படம் யாருடையது என்று கேட்டால்?

வரைந்தவர் சங்கர். முழுப் பெயர் கே. சி. சிவசங்கரன். 1924இல் பிறந்த ஊர் காரத்தொழுவு. ஆமாங்க, தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் நடுவே, கணியூர் பக்கத்தில் இருக்கிற அதே காரத்தொழுவுதான். அந்த வழியாக பஸ்ஸில் போய்வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? சின்ன வயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். அங்கே ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு 1946இல் கலைமகள் பத்திரிகையில் சேர்ந்தார். 1952இல் சிறுவர் பத்திரிகையான அம்புலிமாமா. அதன்பிறகு அறுபது வருஷத்துக்குப் பக்கமாக அங்கேதான். அம்புலிமாமா பல மொழிகளில் வந்த பத்திரிகை என்பதால், நம்ம ஊர்க்காரர் வரைந்த ராஜாவையும் பேயையும் வடக்கே இருக்கிற பிள்ளைகளும் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ அறிவித்தது 2021இல். கொஞ்சம் முன்னாடியே கொடுத்திருக்கலாம், என்ன செய்வது.

சரி, இன்னொருவரைப் பார்ப்போம். இந்த பைண்டிங் புத்தகம் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. யாரோ பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இதில் இருக்கிற கோயில் படங்கள் எல்லாம் சில்பி வரைந்தவை. இயற்பெயர் சீனிவாசன், 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர். 'நீ ஓவியப் பள்ளிக்குப் போ' என்று இவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞரே நல்ல ஓவியர், பாட்டு புகழ்பெற்றதில் தூரிகை மறைந்துபோச்சு. அதனால்தான் பையனின் கை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சில்பி என்று பெயர் வைத்தவர் ஆனந்த விகடனில் இருந்த ஓவியர் மாலி.

விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். அது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் கோவை பக்கத்துப் பேரூர் கோயில் கனகசபைத் தூண்களுக்கு முன்னால் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கஜசம்ஹார மூர்த்தி மேல் விழும் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் தெரிந்த மடிப்பு மதியம் தெரியாது. எந்த நிழல் கல்லுடையது, எது வெயிலுடையது என்று பிரிப்பதற்குள் நமக்குக் கழுத்து வலி வந்துவிடும்.

அதோடு முடிவதில்லை, அச்சு என்று ஒன்று இருக்கிறதே. அப்போது கோட்டுப் படத்தைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து பிளாக் செய்வார்கள். கோடு ரொம்ப மெல்லிசாக இருந்தால் அரிப்பிலேயே போய்விடும். ரொம்ப நெருக்கமாகப் போட்டால் மை அப்பிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். இங்கே, இந்தத் தோள்வளையைப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கம், ஆனால் எந்த இடத்திலும் அடைக்கவில்லை. தாள் எப்படிப்பட்டது என்று தெரிந்தே கோட்டுக்குக் கோடு இடம் விட்டிருக்கிறார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இந்தக் கணக்குதான், பக்திகூட அப்புறம்தான்.

இப்படிப்பட்டவர்களை எப்படி மறந்தோம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தொடர்கதை புத்தகமாக வரும்போது எழுத்து மட்டும் வந்தது, படம் பெரும்பாலும் வரவில்லை. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்தபோது வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் மணியம். மலிவு விலைப் பதிப்புகளில் அவர் படம் எங்கே இருக்கிறது? அட்டையில்கூட வேறு யாராவதுதான் இருப்பார்கள். அப்புறம் நம்ம வீட்டு பைண்டிங். ஓரம் நேராக வரட்டும் என்று மெஷினில் வெட்டும்போது மூலையில் இருந்த கையெழுத்தும் சேர்ந்து போய்விடும். இதோ, இந்தப் பக்கத்தில் பாதிக் கையெழுத்துதான் மிச்சம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கரூர், ஈரோடு, பொள்ளாச்சி, சேலம், எந்த ஊராக இருந்தாலும் உங்கள் வீட்டு அட்டாலியில் பழைய தீபாவளி மலரோ பைண்டிங்கோ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். தையலைப் பிரிக்க வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் பக்கம் வைத்து, பிளாஷ் போடாமல், பக்கம் முழுவதும் வருகிற மாதிரி ஒரு போட்டோ. கையெழுத்தை மட்டும் பக்கத்தில் வைத்து இன்னொன்று. பத்திரிகை பெயர், மாதம், வருஷம் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். ஓவியர் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூக்கையும் விரல்களையும் போடுகிற விதத்தை மற்ற படங்களோடு வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயற்சி செய்யலாம்.

இனி நான் பேசப்போவதில்லை. மீதிப் பக்கங்களை மெதுவாகப் புரட்டுகிறேன், வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.