ஒரோமோ மொழி: அகராதியில் இருப்பதை அப்படியே வைத்தால் பிழை!

[திரையில்: ஒரு நாய், ஒரு மனிதன்]

வணக்கம். இந்த இருவரில் யார் யாரைப் பார்த்தார் என்று ஒரோமோ மொழியில் சொல்ல வேண்டும். நாம் தமிழில் சொல்கிற விதத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் சரியாக வரும். எப்படி என்று பார்க்கலாம்.

அறிமுகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்: எத்தியோப்பியாவிலும் வடக்குக் கென்யாவிலும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி இது; குஷிட்டிக் என்னும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1991 முதல் அதிகாரபூர்வ எழுத்து 'குபே' என்னும் லத்தீன் எழுத்துமுறை. போதும், சொற்களுக்கு வருவோம்.

[திரையில்: சொற்கள் ஒவ்வொன்றாக]

பிஷான், தண்ணீர். ஆன்னன், பால். மன, வீடு. நம, மனிதன். ஸரே, நாய். ஃபர்ட, குதிரை. புன, காப்பி. அரபிகா காப்பியின் தாயகமே எத்தியோப்பியாதான். எதை மறந்தாலும் புனவை மறக்காதீர்கள். பிஷானிலும் புனவிலும் வருவது 'பஸ்' என்பதில் உள்ள 'ப'.

குறில் நெடிலில் நமக்குச் சிரமமே இல்லை. ஹர என்றால் ஏரி, ஹாரா என்றால் புதியது. லஃப என்றால் நிலம், லாஃபா என்றால் மென்மையானது. ஐரோப்பியர்கள் இங்கே திணறட்டும், நாம் நடந்து போய்விடலாம்! அடூ, அதாவது சூரியன், பெண்பால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

[திரையில்: நாய் மனிதனைப் பார்த்தது]

தமிழில் எழுவாய் சும்மா நிற்கிறது. செயப்படுபொருளுக்குத்தான் 'ஐ' ஒட்டுகிறது: மனிதனை. ஒரோமோவில் இதே வாக்கியம்: ஸரேன் நம அர்கெ. வினை நம்மைப் போலவே கடைசியில். ஆனால் வால் முளைத்திருப்பது நாய்க்கு! ஸரே, ஸரேன் ஆகிவிட்டது. பார்க்கப்பட்ட நம எதையும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கிறது. மனிதன் நாயைப் பார்த்தால்? நம்னி ஸரே அர்கெ. இப்போது 'னி' மனிதனிடம் போய்விட்டது.

நீங்கள் அகராதியில் மனப்பாடம் செய்த வடிவம் உண்மையில் செயப்படுபொருளின் வடிவம். எழுவாயாக வேண்டுமென்றால்தான் உருபு தேவை. உலக மொழிகளில் இது அரிது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் பக்கத்துப் பக்கத்து மொழிகள் பலவற்றில் காணலாம். வேலை செய்கிறவருக்கே அடையாள அட்டை என்கிற இந்த ஏற்பாடு, என்னைக் கேட்டால், நம் 'ஐ'யைவிட நியாயமானது. தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

வீடியோ பிடித்திருந்தால் லைக் செய்யுங்கள். அதைவிட முக்கியம், ஒரு கேள்வி: 'மன' எழுவாயானால் என்னவாகும்? நம எப்படி மாறியது என்று பார்த்துவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். ஃபர்டவை அதே வழியில் மாற்றிவிடாதீர்கள். அங்கே இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதால் 'னி' ஒட்டாது. கடைசி உயிர் 'இ' ஆகும், அவ்வளவுதான்: ஃபர்டி.