ஆசிரியரை நீக்கிவிட்டுக் கட்டடத்துக்குக் கடன் கேட்பது ஏன்?

சரி, அடுத்த கேள்வி. கலிஃபோர்னியாவில் ஈஸ்ட் பே பக்கம் இருக்கும் ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "மார்ச் மாதம் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் ஆசிரியர்கள் பலருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். என் மகனின் அறிவியல் ஆசிரியைக்கும் வந்தது. இப்போது நவம்பர் தேர்தலில், பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்கப் பல நூறு மில்லியன் டாலருக்கு பாண்ட் கேட்கிறார்கள். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை, சுவருக்கு மட்டும் பணமா? இதற்கு நான் ஏன் ஓட்டுப் போட வேண்டும்? என் கணவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. அவர் ஓட்டுப் போடலாமா?"

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. நல்ல ஆசிரியை ஒருவர் போனால் அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் திரும்பக் கிடைக்காது. ஆனால் இந்த பாண்டை, அதாவது மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தால் பள்ளி நிர்வாகம் வாங்கி, வீட்டு வரி வழியாக நாம் அடைக்கும் கடனை, தோற்கடித்தால் அந்த ஆசிரியை திரும்பி வருவாரா என்று கேட்டால், வரமாட்டார். ஒரு டாலர்கூட அந்தப் பக்கம் போகாது. சட்டம் அப்படி.

நம் வீட்டிலேயே பாருங்கள். மாதச் சம்பளத்தில்தான் மளிகை, பால், பிள்ளைகளின் செலவு. வீடு கட்ட வேண்டுமென்றால் வங்கியில் வீட்டுக்கடன் வாங்குகிறோம். அந்தக் கடன் பணத்தில் மளிகை வாங்க வங்கி விடாது. ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கும், அதாவது பள்ளி மாவட்டத்துக்கும், இப்படி இரண்டு பை உண்டு. ஆசிரியர் சம்பளம் வருவது முதல் பையிலிருந்து. அதில் பெரும்பகுதியை மாநிலம் நிரப்புகிறது, எத்தனை பிள்ளைகள் தினமும் வகுப்புக்கு வருகிறார்கள் என்ற சராசரியை வைத்து. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும். கலிஃபோர்னியா முழுவதும் அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 2021-22ல் 60 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. வீட்டு விலையைப் பார்த்து இளம் குடும்பங்கள் வேறு ஊருக்குப் போகின்றன, பிறப்பும் குறைந்திருக்கிறது. மார்ச் 15க்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அந்த வலி ஒவ்வொரு வருடமும் மார்ச்சில் வெளியே தெரிகிறது.

இரண்டாவது பை கட்டடத்துக்கானது. அதை நிரப்பும் முக்கிய வழி இந்த பாண்ட். 2000ஆம் ஆண்டு நவம்பரில் மாநில மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபோசிஷன் 39 என்ற சட்டம், ஆசிரியர் சம்பளம், நிர்வாகிகளின் சம்பளம், அன்றாட நடப்புச் செலவு எதற்கும் இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. அதற்கு ஈடாகத்தான் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 55 சதவீதம் போதும் என்று ஆக்கினார்கள்.

ஆசிரியர் சம்பளத்துக்கு உள்ளூரில் பணம் திரட்ட பார்சல் டாக்ஸ் என்று, மனை ஒவ்வொன்றுக்கும் போடும் வேறு ஒரு வரி இருக்கிறது. பள்ளி மாவட்டமே அதைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தால் இன்றும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். உங்கள் ஆசிரியைக்காகப் போராட வேண்டிய இடம் அதுவும், மாநில பட்ஜெட்டும், பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் கூட்டமும்தான்.

அப்படியானால் கட்டடத்துக்குக் கடன் அவசியமா? என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தது ஒரு போர்ட்டபிள் வகுப்பறையில். தற்காலிகமாகக் கொண்டுவந்து நிறுத்தியது, அவள் சேர்ந்தபோதே அதற்கு வயது இருபதுக்கு மேல். மழைக்காலத்தில் மூலையில் ஒழுகும். ஆசிரியை வாசிப்புப் பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு வாளி வைப்பார். குழந்தைகளுக்கு அது பழகிப்போய்விட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூரை, மின்கம்பி, குழாய், ஏசி, கழிவறை இதற்கெல்லாம் ஒரே வருட வருமானத்தில் செலவழிக்க எந்த மாவட்டத்தாலும் முடியாது.

இங்கே நிலநடுக்கமும் இருக்கிறது. 1933 மார்ச் 10, லாங் பீச்சில் பூமி அதிர்ந்தது மாலை ஆறு மணியை நெருங்கும்போது. சுமார் 70 பள்ளிகள் இடிந்தன, இன்னும் பல பலத்த சேதமடைந்தன. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் வகுப்புகளில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ஃபீல்ட் சட்டம் வந்தது. அதனால்தான் இங்கே அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநில அலுவலகம் ஒன்று தனியாகச் சரிபார்த்து அனுமதிக்கிறது. கட்டுமானச் செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அதில் வருத்தமில்லை.

அப்புறம் மாநிலத்தின் பங்கு. 2024 நவம்பரில் ப்ரொபோசிஷன் 2 என்று 10 பில்லியன் டாலர் பாண்டை மாநில மக்கள் நிறைவேற்றினார்கள். அதிலிருந்து சீரமைப்பு வேலைக்கு மாநிலம் 60 சதவீதம்வரை, சில மாவட்டங்களுக்கு அதற்குச் சற்று மேலும் தரும். ஆனால் மீதியை மாவட்டம் தன் கையிலிருந்து வைக்க வேண்டும். மிக வறிய மாவட்டங்களுக்கு மட்டும் சலுகை உண்டு. உள்ளூரில் பணம் இல்லாவிட்டால், நாம் கட்டிய மாநில வரியும் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகும்.

இனி உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும்? தொடக்கப் பள்ளி முதல் ஹைஸ்கூல்வரை ஒரே மாவட்டம் என்றால், ஒரு பாண்டுக்கு, ஒவ்வொரு 1,00,000 டாலர் வீட்டு மதிப்புக்கும் வருடம் 60 டாலருக்கு மேல் போகாதபடி திட்டமிட வேண்டும். தொடக்கப் பள்ளி மாவட்டமோ ஹைஸ்கூல் மாவட்டமோ தனியாக இருந்தால் 30. இங்கே மதிப்பு என்பது சந்தை விலை அல்ல, வரிக் கணக்கிலுள்ள அசெஸ்டு வேல்யூ. 1978ல் வந்த ப்ரொபோசிஷன் 13 காரணமாக அது வாங்கிய விலையில் தொடங்கி வருடம் அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். நீங்கள் சமீபத்தில் 10 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருந்தால், உச்ச வீதத்தில் வருடம் 600 டாலர். அதே தெருவில், அதே மாதிரி வீட்டில், பல வருடம் முன்னால் வாங்கியவரின் மதிப்பு 4 லட்சமாக இருந்தால் அவருக்கு 240. புதிதாக வந்தவர் தலையில் அதிகம் விழுகிறது. நம் ஆட்கள் பலர் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், அந்த எரிச்சலும் எனக்குப் புரிகிறது.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். அந்த 60 டாலர் வரம்பு ஒவ்வொரு பாண்டுக்கும் தனித்தனி. ஏற்கெனவே இரண்டு பாண்ட் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது அதன் மேல் ஏறும். அடுத்தது, "வரி வீதம் ஏறாது" என்று துண்டறிக்கையில் போடுவார்கள். பழைய கடன் அடைபடும்போது இறங்க வேண்டிய வீதத்தை இறங்கவிடாமல் புதுக் கடன் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். பொய் இல்லை, ஆனால் முழு விவரமும் இல்லை.

எனவே நான் பாண்டை ஆதரிப்பவன் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லமாட்டேன். தேர்தல் கையேட்டில் திட்டப் பட்டியல் இருக்கும். எந்தப் பள்ளி, எந்த வேலை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்களா, "நவீன கற்றல் சூழல்" என்று பொதுவாக எழுதியிருக்கிறார்களா பாருங்கள். இன்னொன்று, வாங்கும் பொருள் கடனைவிட அதிக நாள் உழைக்குமா? லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013ல் கட்டடத்துக்கான பாண்ட் பணத்தில் மாணவர்களுக்கு ஐபேட் வாங்கத் தொடங்கியது. அடுத்த வருடமே அந்த ஒப்பந்தம் நின்றுபோனது. நாலைந்து வருடத்தில் பழசாகும் சாதனத்துக்குப் பல வருடம் வட்டி கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. கூரைக்குக் கட்டலாம்.

கையேட்டில் வரி வீத அறிக்கை என்று ஒரு பக்கமும் உண்டு. சராசரி வீதம், உச்ச வீதம், அசலும் வட்டியுமாக மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவோம், மூன்றும் அதில் இருக்க வேண்டும். சான் டியேகோ பக்கம் போவே மாவட்டம் 2011ல் 105 மில்லியன் டாலர் வாங்கியது. இருபது வருடம் எதுவும் கட்டாமல் தள்ளிப்போடும் வகைப் பத்திரம். வட்டி குட்டி போட்டு, திருப்பிக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 1 பில்லியன் ஆனது! அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2013ல் சட்டம் போட்டு, இந்த வகைப் பத்திரத்துக்கு 25 வருடம்தான் தவணை, மொத்தத் திருப்பிச் செலுத்தல் அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்று கட்டினார்கள். சாதாரண பாண்டில் இவ்வளவு மோசமாகாது. இருந்தாலும் அந்த மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஓட்டுப் போடாதீர்கள்.

பாண்ட் நிறைவேறினால் மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். வரி செலுத்துவோர் சங்கம், மூத்தோர் அமைப்பு, வணிகர் அமைப்பு, பெற்றோர் என ஒவ்வொரு தரப்பிலிருந்தும். மாவட்ட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ அதில் இருக்கக்கூடாது. வருடா வருடம் தணிக்கை உண்டு. பல ஊர்களில் அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் காலியாக இருக்கிறது. கணக்குத் தெரிந்த நம் ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறோம், விண்ணப்பம் போடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

கடைசியாக உங்கள் கணவர். கிரீன் கார்டு இருப்பவர் வீட்டு வரி கட்டுவார், ஆனால் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, குடிமக்களுக்கு மட்டும்தான். தவறுதலாகக்கூடப் பதிவு செய்துவிட வேண்டாம், பிறகு குடியுரிமை விண்ணப்பத்திலேயே சிக்கல் வரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று ஒரு விதி உண்டு, அது போர்டு உறுப்பினர் தேர்வுக்கு மட்டும், பாண்டுக்கு இல்லை. போர்டு கூட்டத்தில் எழுந்து பேச மட்டும் யாரும் குடியுரிமை கேட்கமாட்டார்கள். பொதுமக்கள் கருத்துக்கு நேரம் ஒதுக்குவார்கள், பேச விரும்புவதாக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். திட்டப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மகன் பள்ளிக்கு எந்த வேலை, எந்த வருடம் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் ஓட்டுப் போடுங்கள்.

அடுத்த கேள்வி வாடகை வீட்டில் இருப்பவரிடமிருந்து வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.