வலியின் மதகுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது. ஆனால் நாக்கில் எதுவும் சுட்டுவிடவில்லை. பிறகு ஏன் 'சுடுகிறது' என்கிறது நரம்பு?

நம் உணர்வு நரம்புச் செல்களின் மெல்லிய உறையில் சில புரதங்கள் மதகுபோலப் பதிந்திருக்கின்றன. அயனி வாய்க்கால்கள் என்று பெயர். அயனி என்றால் மின்னேற்றம் கொண்ட அணு. மதகு திறந்தால் வெளியே காத்திருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் பாய்ந்து உள்ளே வரும். அந்தப் பாய்ச்சலில்தான் வலி தொடங்குகிறது. 1997இல் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அப்படி ஒரு மதகைக் கண்டுபிடித்தார்கள்: டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி வெப்பத்தில் அது திறக்கும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டும் ஒரே செய்திதான். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடுதலை உணரும் பீசோ வாய்க்கால்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

வெயிலில் கன்றிப்போன தோளில் வெதுவெதுப்பான நீர் பட்டாலே துடிக்கிறோமே, அதுவும் இந்த மதகின் வேலைதான். அடிபட்ட திசுவில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் அதை இளக்கிவிடுகின்றன. அப்புறம் உடல் சூடே அதைத் திறக்கப் போதுமானதாகிவிடும். சும்மா இருக்கும்போதே எரிகிறது என்று ஒருவர் சொன்னால் அது மிகை அல்ல.

முதல் மதகு திறந்தால் மட்டும் போதாது. செய்தி நரம்பின் வழியே ஓட வேறு சோடியம் வாய்க்கால்கள் வேண்டும். அவற்றில் ஒன்று என்ஏவி1.7. வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகிக்கொண்டும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். வலியே தெரியாது. 14 வயதுவாக்கில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி இல்லாத வாழ்வு வரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவுதான் வரும். அதே பகுதிக் குடும்பங்களில், வலி அறியாத வேறு சிலரை ஆராய்ந்தபோது, அவர்களிடம் என்ஏவி1.7 வேலை செய்யவே இல்லை என்று 2006இல் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக, அதே வாய்க்கால் மிக எளிதில் திறந்துகொள்ளும் மரபுக் கோளாறும் உண்டு. இலேசான வெப்பத்துக்கே கையும் காலும் சிவந்து தீயாய் எரியும்.

சரி, இந்த மதகை மூட மருந்து இல்லையா? பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, லிடோகைன் ஊசி, அது செய்வதே சோடியம் வாய்க்கால்களை அடைப்பதுதான். ஆனால் அது எல்லா வகையையும் ஒன்றாக அடைக்கிறது, அந்த இடமே மரத்துப்போகிறது. வலியை மட்டும் நிறுத்த, வலி நரம்புகளில் அதிகம் இருக்கும் வாய்க்காலைத் தனியே பிடிக்க வேண்டும். என்ஏவி1.8 அப்படிப்பட்டது. அதை மட்டும் குறிவைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மார்பின் வகை மருந்துகள்போல அது மூளையில் வேலை செய்வதில்லை. அதனால் அடிமைப்படுத்தும் என்ற அச்சமும் இல்லை. அந்த அனுமதி பெரியவர்களுக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்குத்தான். ஆண்டுக்கணக்கில் எரியும் நரம்பு வலிக்கு அல்ல.