இழுத்தாலும் கழலாத மூலை: டிராயருக்குப் புறாவால் இணைப்பு

[காட்சி: பழைய மேசை. டிராயரின் கைப்பிடியைப் பிடித்து ஒரு கை இழுக்கிறது. முகப்புப் பலகை மட்டும் தனியாகக் கழன்று வருகிறது.]

வணக்கம். பலகை உடையவில்லை, மரம் உளுத்தும் போகவில்லை. மூலை விட்டுவிட்டது. பெரும்பாலான மர டிராயர்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினால் ஆண்டுக்கு 3,650 முறை. ஒவ்வொரு முறையும் கை பிடிப்பது முகப்புப் பலகையை. உள்ளே இருக்கும் சாமான்களின் எடையோ பின்னால் தங்கிவிடப் பார்க்கிறது. அதாவது, முகப்பைப் பக்கப் பலகைகளிலிருந்து பிய்த்தெடுக்கும் வேலையை நாமே தினமும் செய்கிறோம். அந்த விசை எப்போதும் ஒரே திசையில், முன்னோக்கித்தான் வருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் டிராயர் மூலையை எப்படி வெட்ட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

[காட்சி: பலகையின் அறுத்த முனை, மிக அருகில்.]

முதலில் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் என்பது நெருக்கமாகக் கட்டிய வைக்கோல் கட்டு மாதிரி. நார்கள் எல்லாம் ஒரே பக்கமாக நீளமாக ஓடுகின்றன. இரண்டு பலகைகளை நாரோட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டினால், பசை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். உடைத்துப் பார்த்தால் மரம்தான் பிளக்கும். ஆனால் இங்கே தெரிவது நார்களின் அறுந்த வாய். பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிமானம் தராது. முகப்பையும் பக்கத்தையும் சும்மா முட்டவைத்து ஒட்டினால், பசை இந்த அறுந்த வாயைத்தான் நம்பியிருக்கிறது. சரி, ஆணி அடிக்கலாமே? முகப்பிலிருந்து அடித்த ஆணி, பக்கப் பலகையின் நார்களுக்கு நடுவே நார் போகும் திசையிலேயே இறங்குகிறது. நாமும் அதே திசையில் இழுக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்துவிடும். நான் முதன்முதலில் செய்த டிராயரை இப்படித்தான் பசையும் ஆணியுமாக மூட்டினேன். ஓர் ஆண்டு தாங்கவில்லை.

[காட்சி: புறாவால் இணைப்பு, மெதுவாகப் பொருந்துகிறது.]

இதற்கான விடையை மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். பண்டைய எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களிலேயே இந்த இணைப்பு இருக்கிறது. பட்டறையில் டவ்டெயில் என்பார்கள். விரிந்த புறாவால் மாதிரி, நுனியில் அகன்று அடியில் குறுகும் வடிவம். அகன்று விரிவது வால். வால்களுக்கு நடுவே போய் உட்காருவது முளை.

எந்தப் பலகையில் வால், எந்தப் பலகையில் முளை? பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இதை மாற்றிவிட்டால் பயனே இல்லை. வால் பக்கப் பலகையில் இருக்க வேண்டும், முளை முகப்பில். அப்போதுதான் முகப்பை முன்னால் இழுக்கும்போது, வாலின் அகன்ற நுனி முளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, முகப்பைக் கழல விடாது. இந்த மூலையைக் கழற்ற ஒரே வழி, பக்கப் பலகையை வெளிப்புறமாகத் தள்ளுவது. டிராயரை அப்படி யாரும் இழுப்பதில்லை. பசை பாதி உலர்ந்து உதிர்ந்துபோன பிறகும் இந்த வடிவம் தன் வேலையைச் செய்யும்.

[காட்சி: மேசைமேல் கருவிகள். மெல்லிய பல் ரம்பம், இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், கேஜ் (ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கிழிக்கும் கருவி), கத்தி.]

கருவிகள் இவ்வளவுதான். உளி மட்டும் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். மழுங்கிய உளி நாரை வெட்டாது, நசுக்கும்.

முகப்பு 20 மில்லிமீட்டர், பக்கங்கள் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வால் முகப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியக் கூடாது. முன்னால் 6 மில்லிமீட்டர் மரத்தை மூடியாக விட்டுவிடுகிறோம். ஆக வாலின் நீளம் 14. கேஜை 14-க்கு வைத்து, பக்கப் பலகைகளின் முனையைச் சுற்றிக் கோடு கிழியுங்கள். அதே அளவில், முகப்பின் இரு முனைகளிலும் உட்புறத்திலிருந்து ஒரு கோடு. பிறகு கேஜை 12-க்கு மாற்றி முகப்பின் உள்முகத்தில் ஒரு கோடு. கோடு கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு பலகையிலும் உள், வெளி, இடம், வலம் என்று எழுதிவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வேலையில் பாழாகும் பலகைகள் பெரும்பாலும் தவறாக அறுத்தவை அல்ல, சரியாக அறுத்து, திருப்பி வைத்தவை.

வாலின் சாய்வு எவ்வளவு? மென்மரத்துக்கு 6-க்கு 1, வன்மரத்துக்கு 8-க்கு 1 என்பது தச்சர்களின் வழக்கமான கணக்கு. 6 அங்குலம் போனால் 1 அங்குலம் விலகும் சாய்வு. சாய்வு மிகக் குறைந்தால் பிடிப்பு இருக்காது. மிக அதிகமானால் வாலின் கூரான ஓரத்தில் நார் குட்டையாகி, தட்டும்போதே சில்லுசில்லாக உதிர்ந்துவிடும்.

[காட்சி: இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்து வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கிப் பிடி) பிடித்து அறுப்பது.]

முதலில் வாலை வெட்டுவதா, முளையை வெட்டுவதா என்று தச்சர்களிடையே முடியாத வாதம் ஒன்று உண்டு. நான் வால்தான் முதலில் என்பேன். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே அறுப்பில் முடித்துவிடலாம். வால் அரை டிகிரி கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் முளையை அந்த வாலைப் பார்த்தே வரையப்போகிறோம். அறுப்பு பலகை முகத்துக்குக் குறுக்கே நேராக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இடையில் இருக்கும் கழிவை உளியால் எடுக்கும்போது கோட்டின் மேலேயே உளியை வைத்து ஓங்கி அடிக்காதீர்கள். உளியின் ஒரு முகம் சாய்வு. ஆப்பு மாதிரி இறங்கி, கோட்டைத் தாண்டிப் பின்னால் நகர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கி, பாதி ஆழம் வரை எடுத்து, பலகையைத் திருப்பிப் போட்டு மறுபாதி. கடைசியாகக் கோட்டில் உளியை வைத்து ஒரு மெல்லிய சீவல். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் பிய்ந்து வரும்.

[காட்சி: முகப்பு வைஸில் நிற்கிறது. அதன் முனைமேல் வால் பலகை படுத்திருக்கிறது. கத்தி நுனி வாலின் ஓரமாக நகர்கிறது.]

என்னைக் கேட்டால், மொத்த வேலையின் உயிரும் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. இங்கே அளவுகோல் வேண்டாம். முகப்பை நிமிர்த்திப் பிடித்து, வால் பலகையை அதன் முனைமேல் அசையாமல் வைத்து, வாலின் ஓரத்தையே கத்தியால் வரைந்துகொள்ளுங்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கீறலுக்கு அது இல்லை எனலாம். வால் உட்காரப்போகும் பகுதியைப் பென்சிலால் நிழலிட்டு விடுங்கள். வெட்டி எடுக்க வேண்டியது அது. ரம்பம் கோட்டைத் தொடாமல் அந்த நிழல் பக்கமாகவே ஓட வேண்டும்.

முன்னால் மூடி இருப்பதால் ரம்பம் முழு ஆழத்துக்குப் போகாது. உள் மூலையிலிருந்து சாய்வாக இரண்டு கோடுகளையும் தொடும் வரைதான் அறுக்க முடியும். மிச்சமெல்லாம் உளி வேலை. நாருக்குக் குறுக்கே ஓர் அடி, அப்புறம் முனையிலிருந்து ஒரு தட்டு. சில்லு பெயர்ந்து வரும். மறுபடி குறுக்கே ஓர் அடி. மூலைகளில் ஒட்டியிருக்கும் நாரைக் குறுகிய உளியால் சுத்தம் செய்யுங்கள். மூலையில் ஒரு சின்னத் துணுக்கு இருந்தாலும் வால் முழுதாக இறங்காது.

பொருத்திப் பார்க்கும்போது பாதி வரை மட்டும் தட்டுங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே மரம் பளபளக்கும். அந்த இடத்தை மட்டும் முளைப் பக்கத்தில் லேசாகச் சீவினால் போதும். முழுதாகப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றினால் இறுக்கம் போய்விடும். எங்கேயாவது இடைவெளி விழுந்துவிட்டால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்காதீர்கள். அதே மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி, நாரோட்டம் பார்த்துப் பசையோடு செருகினால் கண்ணுக்கும் தெரியாது, வலுவும் போகாது.

பின் மூலையில் மூடி வேண்டாம். அங்கே வால் வெளியே தெரியும்படியே வெட்டலாம். வால் மறுபடியும் பக்கப் பலகையில்தான். டிராயரை வேகமாகத் தள்ளி மூடும்போது உள்ளிருக்கும் சாமான் பின்பலகையில் போய் மோதும் அல்லவா?

பிளைவுட்டில் இதையெல்லாம் முயல வேண்டாம். அதன் மெல்லிய அடுக்குகள் வாலின் ஓரத்தில் பெயர்ந்து வரும். அதற்கு முகப்பின் இரு முனைகளிலும் உட்புறமாகப் படி வெட்டி, பக்கத்தை அதில் உட்காரவைத்து, பக்கவாட்டிலிருந்து மரக்குச்சிகளைப் பசையோடு இறக்குங்கள். குச்சி இழுப்புக்குக் குறுக்கே நிற்கிறது. உருவிக்கொண்டு வர வழியில்லை, முறிந்தால்தான் உண்டு.

[காட்சி: நான்கு மூலைகளும் சேர்ந்த சட்டம். இரு மூலைவிட்டங்களையும் அளக்கிறோம்.]

பசை போட்டதும் வேகமாகச் சேர்த்துவிடுங்கள். பசையின் ஈரத்தில் மரம் உப்பி, பாதியில் நின்றுவிடும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். இல்லையென்றால் நீளமான விட்டத்தின் இரு மூலைகளையும் கிளாம்பால் மெல்ல நெருக்குங்கள்.

அடிப்பலகையைச் செருக, முகப்பிலும் பக்கப் பலகைகளிலும் உட்புறமாகக் காடி, அதாவது நீளமான பள்ளம், ஓட்ட வேண்டும். கடைசி வாலின் அகலத்துக்குள் காடி விழும்படி வாலை வரையும்போதே இடம் ஒதுக்கியிருந்தால், அது வெளியே எங்கும் தெரியாது. அடிப்பலகை முழு மரமாக இருந்தால் நாரோட்டம் இடவலமாகப் போகட்டும், பக்கங்களில் பசை வேண்டாம். மழைக்காலத்தில் மரம் குறுக்கே விரியும். பின்பலகையின் கீழ் விளிம்பை அடிப்பலகையின் மேல்மட்டத்தோடு நிறுத்தியிருந்தால், அந்த விரிவு பின்னால் போக வழி கிடைக்கும். அங்கே நீள்துளை போட்டு ஒரே ஒரு திருகாணி.

[காட்சி: டிராயர் நிறையப் புத்தகம். கை இழுக்கிறது. முழுதாக வருகிறது.]