வேறு வேறு கம்பனி ஹார்ட் டிஸ்க்கைச் சேர்வரில் கலக்கலாமா? மார்கழி மழையில் ஒரு வேலை

வணக்கம் உறவுகளே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? பின்னால் தகரத்தில் மழை அடிக்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. திருகோணமலையில் மார்கழி என்றால் இப்படித்தான். இப்போது நான் நிற்பது டச்சுக்குடாப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு ஸ்டூடியோவின் பின் அறையில். முன்னால் படம் பிடிக்கிறார்கள், பின்னால் இந்தச் சேர்வர் இரைந்துகொண்டிருக்கிறது. அந்த உறுமல் சத்தம் அதுதான்.

இதைக் கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன். உள்ளே 4 சீகேட் டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். லினக்ஸ் இயங்குதளத்தில் ரெய்டு 5 ஆகக் கட்டியது, அதாவது நாலையும் ஒரே டிஸ்க் போலச் சேர்த்து, ஒன்று செத்தாலும் உள்ளே இருப்பது போகாதபடி. நாலில் ஒன்றின் அளவு பாதுகாப்புக் கணக்குக்குப் போய்விடும், மிச்சம் 12 டெராபைட். திரையில் 10.9 என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம், யாரும் களவெடுக்கவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். அந்த 10.9இலும் 10.4 நிரம்பிவிட்டது. கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று எல்லாம் இப்போது 4கே. அழிக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று வருடம் கழித்து வந்து "எங்கள் வீடியோ இருக்கா அண்ணா" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஸ்டூடியோ அண்ணா எதையும் அழிக்கவே மாட்டார்.

வேலைக்கு மார்கழியை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். மார்கழியில் கல்யாணம் இல்லை, சேர்வருக்கு ஓய்வு. தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வந்து நிற்கும், அப்போது ஒருவரும் என்னை இதைத் தொட விடமாட்டார்கள். மழையும் கரண்ட் வெட்டும் மார்கழியில்தான் வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

புதிதாக இரண்டு டிஸ்க் சேர்க்க வேண்டும். அண்ணா போட்ட ஒரே நிபந்தனை, அதே கம்பனி, அதே மொடல். "கலப்படம் கூடாது தங்கச்சி, தேங்காய் எண்ணெயில் பாம் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிடும்" என்றார். அவருடைய மொடல் இப்போது கடையில் இல்லை. நான் கொண்டுவந்தது ஒரு வெஸ்டர்ன் டிஜிட்டல், கொழும்பு பம்பலப்பிட்டியில் புதிதாக வாங்கியது. இன்னொன்று தோஷிபா, இங்கே பாவித்த சாமான் விற்கிற ஒரு கடையில் எடுத்தது. இரண்டும் 4 டெராபைட். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சேர்வர் விற்கிற கம்பனிகளும் அதைத்தான் சொல்கின்றன, சிலது தன் முத்திரை இல்லாத டிஸ்க்கைப் போட்டால் எச்சரிக்கை விளக்கையே எரியவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஒரே பெட்டியில் வந்த, ஒரே நாளில் செய்த நாலு டிஸ்க்கை ஒரே சேர்வரில் போட்டு, ஒரே சூட்டில், ஒரே வேலையை இரவு பகலாகச் செய்யவிட்டால், அவை ஒரே நேரத்தில் கிழவராகும். ஒன்று செத்து, அதற்குப் பதிலாகப் புதியதைப் போட்டுத் திரும்பக் கட்டும்போது மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். இருக்கிற வேலையிலேயே மிகக் கடினமான வேலை அதுதான். அந்த நேரத்தில் இரண்டாவது விழுந்தால் ரெய்டு 5 முழுதும் போச்சு.

2019 நவம்பரில் ஹெச்பிஈ என்ற சேர்வர் கம்பனி ஒரு அவசர அறிவித்தல் விட்டது. அவர்களுடைய சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் (சுழலும் தட்டு இல்லாத வகை) சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருக்கும் மென்பொருளை உடனே மாற்றுங்கள் என்று. 32,768 என்பது 2ஐ 15 தடவை பெருக்கினால் வரும் எண். நாள் கணக்கில் 3 வருடம், 270 நாள், 8 மணி. இப்போது யோசியுங்கள், எட்டு டிஸ்க்கை ஒரே நாளில் ஒன்றாக ஓடவிட்டவர் கதி என்ன? எட்டும் ஒரே நேரத்தில். ரெய்டு என்ன செய்யும் பாவம். இரண்டு கம்பனி கலந்திருந்தால் பாதி உயிரோடு இருந்திருக்கும். கலப்பது குறை இல்லை, ஒரு பாதுகாப்பு என்று நான் மாறியது இதைப் படித்த பிறகுதான். உண்மையில் கலக்க நினைத்தாலும் அதிகம் இல்லை: ஹார்ட் டிஸ்க் செய்கிற கம்பனி உலகத்தில் இப்போது மூன்றுதான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. ஹிட்டாச்சியையும் சாம்சங்கின் டிஸ்க் பிரிவையும் மற்றவர்கள் வாங்கிவிட்டார்கள்.

சரி, அப்போது எதைப் பார்க்க வேண்டும்? பெயரை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். கல்யாணப் பந்தலுக்கு ஆறு தூண் நடுகிறீர்கள், ஒன்று குட்டை என்றால் கூரை அந்த உயரத்துக்குத்தான் வரும். ரெய்டும் அப்படி. 4க்குள் ஒரு 6 டெராபைட்டைப் போட்டால் மிச்ச 2 சும்மா கிடக்கும். குட்டையானதைப் பிறகு கொண்டுவந்தால் உள்ளேயே விடாது. 4 டெராபைட் டிஸ்க் என்றால் எந்தக் கம்பனியாக இருந்தாலும் இப்போது 7,814,037,168 செக்டர், அதாவது டிஸ்க்கைப் பிரித்த சிறு கட்டங்கள், இருக்கும், அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட சூத்திரம் ஒன்று உண்டு. பழைய காலத்தில் கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் கூடக் குறைய இருந்தது. "கலக்காதே" என்கிற பேச்சு அங்கிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையே என்று நானும் நினைத்தேன். தோஷிபாவைச் செருகினேன், சேர்க்கச் சொன்னேன், "சேர்க்கும் அளவுக்குப் பெரிதில்லை" என்று மறுத்துவிட்டது. அண்ணா பக்கத்தில் நிற்கிறார், ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தப் பார்வை! எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 1 மெகாபைட் குறைவு. ஒரு நல்ல செல்ஃபிக்கே காணாத இடம், அதற்காக 4 டெராபைட்டை வாசலில் நிறுத்திவிட்டது. விசயம் என்னவென்றால், இது முன்பு ஓடிய கணினியின் மதர்போர்ட் தன் பயோஸின், அதாவது கணினியைத் தொடக்கும் மென்பொருளின், நகலை வைக்க டிஸ்க்கின் வாலில் ஒரு துண்டை ஒளித்து வைத்திருக்கிறது. டிஸ்க்கில் ஒரு பிழையும் இல்லை. லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கட்டளை இருக்கிறது, அது இரண்டு எண்ணைக் காட்டும், இப்போது தெரியும் அளவு, உண்மையான அளவு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வால் ஒளிந்திருக்கிறது. அதே கட்டளையால் முழு எண்ணைக் கொடுத்து, ஒருமுறை கரண்டை நிறுத்திப் போட்டேன், வால் வெளியே வந்தது. வெறும் டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள், தயவுசெய்து.

புதிதாக ரெய்டு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. டிஸ்க்கை முழுதாகக் கொடுக்காமல் ஒரு பார்ட்டிஷன், அதாவது ஒரு பிரிவு, போட்டு, வாலில் ஒரு 100 மெகாபைட் விட்டுவிடுங்கள். ரெய்டைப் பார்த்துக்கொள்ளத் தனிக் கார்ட் போட்டிருந்தால், பல கார்டுகள் தாங்களாகவே அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளும். இவரின் பழைய நாலையும் கட்டியவர் விடவில்லை. யார் கட்டியது என்று கேட்காதீர்கள். நான்தான்.

அடுத்தது, எப்படி எழுதுகிற டிஸ்க் என்பது. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் மேல் ஏறி நிற்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்தில் உள்ளவற்றையும் கிளப்ப வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் இப்படித்தான் எழுதுகிறது. சும்மா படம் சேமித்து வைக்க நல்லது, மலிவு. ரெய்டில் திரும்பக் கட்டும்போது தொடர்ந்து எழுதச் சொன்னால் மூச்சு முட்டி நின்றுவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், அதாவது நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிக்கு என்றே விற்றதில், 2 முதல் 6 டெராபைட் வரை சில மொடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே வந்தது. பெட்டியில் அதைப் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். நான் வாங்கியது ரெட் பிளஸ். ஒரே கம்பனி, ஒரே பெயர், உள்ளே இரண்டு வகை. இப்போது சொல்லுங்கள், "அதே கம்பனி வாங்கு" என்பதில் என்ன பாதுகாப்பு?

பிறகு, டிஸ்க் எவ்வளவு நேரம் அடம்பிடிக்கும் என்பது. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்கிறீர்கள். ஒரு பிள்ளை உடனே "தெரியாது டீச்சர்" என்கிறது, நீங்கள் அடுத்த பிள்ளையைக் கேட்கலாம். இன்னொரு பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே நிற்கிறது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பல இரண்டாவது பிள்ளை. வாசிக்க முடியாத இடம் வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேலேயும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் செத்துவிட்டது என்று ரெய்டிலிருந்து தூக்கியே விடலாம். நாஸ், சேர்வர் டிஸ்க்குகள் 7 வினாடியில் கையை விரித்துவிடும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து கணக்குப் பண்ணி அந்த இடத்தைத் திரும்ப எழுதிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் இதைப் பார்க்கலாம், வைக்கலாம். எங்கள் ஆறிலும் 7 வினாடி வைத்தாயிற்று. கரண்ட் போனால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், அதனால் தொடங்கும்போதே ஓடும்படி எழுதி வையுங்கள். உங்கள் டிஸ்க் ஒத்துக்கொள்ளாவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 வினாடியாகக் கூட்டலாம்.

சுழலும் வேகம் 5400, 7200 என்று கலந்தால் மெதுவானதன் வேகத்துக்கு எல்லாம் இறங்கும், வேறு சேதம் இல்லை. டிஸ்க்கை இணைக்கும் வகையில் எஸ்ஏஎஸ், சாட்டா என்று இரண்டு உண்டு, அவற்றை ஒரே ரெய்டில் கலக்க வேண்டாம். கழித்த பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வரும் டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், சிலவற்றில் செக்டர் 512க்குப் பதில் 520 பைட் இருக்கும், திரும்ப ஃபோர்மட் பண்ணாமல் வேலைக்கு ஆகாது.

சரி, வேலை. ஆறு டிஸ்க் ஆனபிறகு ரெய்டு 5 எனக்குச் சரியாகப் படவில்லை. ரெய்டு 6 ஆக்கினோம், இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும், கிடைப்பது 16 டெராபைட். தொடங்க முன் இன்னும் கையளிக்காத கல்யாணங்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்தோம். ரெய்டு இருக்கிறது, பிறகேன் பேக்கப் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி வீடியோ போட்டிருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தையும் டேப்பில் எழுதி ஒட்டினேன். டிஸ்க்கை மாற்றிச் செருகினால் லினக்ஸ் வைக்கும் எழுத்து மாறும், சீரியல் மாறாது.

வெஸ்டர்ன் டிஜிட்டல் வந்த அட்டைப் பெட்டியை வாசலில் வைத்திருந்தோம். கடை பில் அதற்குள். கோட்டைப் பக்கத்து மான்கள் டவுனுக்குள் திரிவது உங்களுக்குத் தெரியும். ஒன்று வந்து பெட்டியைப் பில்லோடு தின்றுவிட்டது. இனி வாரண்டியை மானிடம்தான் கேட்க வேண்டும்.

ரெய்டு 5ஐ 6 ஆக்கும் மாற்றம் வினாடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் போனது. 4 டெராபைட்டைப் பிரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 32 மணி. இரண்டாம் இரவு 61 சதவீதத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் 20 நிமிடம் தாங்கும், அதற்குள் முறையாக நிறுத்திவிட்டேன். எதுவரை செய்தது என்பதை ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னிடம் குறித்து வைத்திருக்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்த மாற்றத்துக்காக லினக்ஸ் எடுக்கும் சிறு நகல் கோப்பை ரெய்டுக்கு வெளியே வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உள்ளேயே வைப்பது பெட்டியைப் பூட்டித் திறப்பை உள்ளே போடுகிற கதை.

காலையில் வந்து பார்த்தால் புதிய வெஸ்டர்ன் டிஜிட்டலில் பிழை ஏறுகிறது. 40, 52, 70. அண்ணா எழுந்தே விட்டார். "அப்பவே சொன்னேன் தங்கச்சி." எனக்கும் வயிறு கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஏறுவது, டிஸ்க் தன் நலத்தைக் குறித்து வைக்கும் பட்டியலில் 199ஆம் எண். அது டிஸ்க்கின் தட்டில் வரும் பிழை இல்லை, டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் வழியில் வரும் பிழை. கேபிளைக் கழற்றினேன். இதோ, வெளிச்சத்தில் காட்டுகிறேன், இந்த முனை பச்சை பிடித்திருப்பது தெரிகிறதா? நாலு வருடம் கடல் காற்று தின்றது. புதுக் கம்பனியைப் பழைய கேபிளில் செருகியது நான். வேறு கேபிள் போட்டதும் 73இல் நின்றது. அந்த எண் இனிக் குறையாது, கூடாமல் இருந்தால் போதும்.

முடிந்ததும் கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறையை, புதிய இடத்துக்கும் விரித்தேன். இங்கே அது ஈஎக்ஸ்டி4 என்ற வகை, சில நிமிட வேலை. இப்போது திரையில் 14.5. இன்னொரு டிஸ்க் சேர்த்தால் 18ஐத் தாண்டும், பழைய ஈஎக்ஸ்டி4 ஆக இருந்தால் 16இல் முட்டி நின்றுவிடும், 64 பிட் வசதி இருக்கிறதா என்று முதலே பார்க்க வேண்டும். அது அடுத்த மார்கழிக் கதை.

கேபிள் ஒரு டசின் வாங்கி வையுங்கள் என்று அண்ணாவிடம் சொன்னேன். இரண்டு வாங்கியிருக்கிறார். இரண்டும் ஒரே கம்பனி. சரி உறவுகளே, மழை திரும்பப் பலக்கிறது, கரண்ட் போக முன் இதை ஏற்றிவிடுகிறேன்.