சின்னக் கப்பல்னா எல்லா ஊர்லயும் கரையிலயே இறங்கலாமா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ஏதென்ஸ்ல ஏறி கிரீஸ் தீவுகளுக்கும் துருக்கியில குஷாடசிக்கும் போற 200 பேர் கப்பல்ல புக் பண்ணியிருக்கோம். அம்மாவுக்கு மூட்டு வலி. சின்னக் கப்பல்தானே, எல்லா இடத்துலயும் நேரா கரையில இறக்கிடுவாங்களா?"

இல்லீங்க. கப்பல் சின்னதா இருக்கிறது மட்டும் போதாது. ஆழமும் காத்தும்தான் முடிவு பண்ணும்.

கிரீஸ்ல நாஃப்ளியோ மாதிரி பழைய துறைமுகங்கள்ல ஆழம் கம்மி. பெரிய கப்பல் வெளியிலயே நங்கூரம் போட்டு நிக்கும். உங்க கப்பல் சைஸ்னா உள்ள வந்து கட்ட வாய்ப்பு அதிகம். சாண்டோரினி தீவு அப்படியே தலைகீழ். அது எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளம். கரையை விட்டா கடல் செங்குத்தா இறங்கிடும், நடுவுல 300 மீட்டருக்கு மேல ஆழம். நங்கூரம் தரையைத் தொடாது. அதனால கப்பல் இன்ஜினை ஓட்டிக்கிட்டே மிதந்து நிக்கும், ஆளுங்களைப் படகுல கொண்டுபோவாங்க.

படகு போய் நிக்கிறது ஃபிரா ஊருக்குக் கீழ இருக்கிற பழைய துறை. மேல போக கேபிள் கார், இல்லேன்னா கிட்டத்தட்ட 600 படி. கழுதை சவாரியும் உண்டு, மூட்டு வலிக்காரங்களுக்கு அது ஆகவே ஆகாது. கப்பல் கம்பெனியோட பஸ் டூர் எடுத்தா பெரும்பாலும் அத்தினியோஸ்ங்கிற இன்னொரு துறையில இறக்கி, பஸ்லயே மேல கூட்டிட்டுப் போவாங்க. அம்மாவுக்கு அதை எடுங்க. ஆனா திரும்பும்போது அநேகமா கேபிள் கார்லதான் இறங்கணும். நாலஞ்சு கப்பல் சேர்ந்து நிக்கிற அன்னைக்கு அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு கேட்டு, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுங்க.

படகுல கால் வைக்கிற இடத்துலதான் விழுவாங்க. கையில பை, ஃபோன் எதுவும் வேண்டாம். மாலுமியோட உள்ளங்கையைப் பிடிக்காதீங்க, வழுக்கிடும். மணிக்கட்டுக்கு மேல அவர் கையை நீங்க, உங்க கையை அவர்னு பிடிச்சுக்கணும். படகு அலையில மேல வந்து மேடைக்கு நேரா நிக்கிற அந்த நொடியில, அவர் சொன்னதும் ஒரே எட்டு. பாதி வெச்சு யோசிச்சா படகு கீழ போயிடும்.

ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து அடிக்கும். படகு விட முடியாதுன்னு கேப்டன் முடிவு பண்ணா அந்த ஊரையே விட்டுட்டுப் போயிடுவாங்க. துறைமுகக் கட்டணம் பொதுவா திரும்பக் கிடைக்கும்; நீங்க வெளியில தனியா கட்டின டூர் காசுக்குக் கப்பல்காரங்க பொறுப்பு இல்லை. அதனால ரத்து பண்ணா பணம் திரும்ப வர்ற டூரா பார்த்து எடுங்க.

இதை நீங்க கேக்கலை, ஆனா குஷாடசி இருக்கிறதால சொல்றேன். கிரீஸ் ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டத்துல இருக்கு; துருக்கி அதுல இல்லை. இந்திய பாஸ்போர்ட்ல போறவங்க அங்க போயிட்டு மறுபடி கிரீஸ் வந்தா அது ரெண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கர்ல நுழைவு எண்ணிக்கை இடத்துல 01னு இருந்தா சிக்கல், MULT (பல தடவை நுழையலாம்)னு இருக்கணும். விண்ணப்பிக்கும்போதே கப்பலோட ஊர்வாரி பயணத் திட்டத்தைச் சேர்த்துக் குடுங்க.